கோடிட்ட இடமும் விடுபட்ட சூழலும்: பள்ளி ஆங்கில இலக்கணப் பயிற்சிகள் – ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

இந்தியப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கும் கொள்கைகள் கடந்த நூறு ஆண்டுகளில் பலமுறை மாறியுள்ளன. மொழிபெயர்ப்பு வழி இலக்கணம், அமைப்பு வழிப் பாடத்திட்டம், கருத்துப் புலப்பாட்டு வழிக் கல்வி எனப் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துள்ளன. பாடநூல்களும் அவற்றிற்கேற்பத் திருத்தப்பட்டுள்ளன. ஆனால் பாடத்தின் இறுதியில் இடம்பெறும் பயிற்சிப் பகுதி மட்டும் பெரிதும் மாறவில்லை. 'கோடிட்ட இடத்தை நிரப்புக', 'செயப்பாட்டுவினையாக மாற்றுக', 'எதிர்ச்சொல் தருக' என்னும் கட்டளைகளை மூன்று தலைமுறை மாணவர்கள் ஏறத்தாழ ஒரே வடிவில் எதிர்கொண்டுள்ளனர்.

கொள்கைகளைப் பற்றி எழுதப்பட்ட அளவிற்கு இப்பயிற்சிகளைப் பற்றி மொழியியலார் எழுதியதில்லை. மாணவன் தன் நேரத்தில் பெரும்பகுதியைச் செலவிடுவதும் மதிப்பெண் பெறுவதும் இவற்றில்தான். எனவே இவற்றைத் தனியே எடுத்து மதிப்பிடுவது தேவையாகிறது. இந்தியாவெங்கும் வழங்கும் இலக்கணப் பயிற்சி வகைகளுள் நான்கினை, தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவரின் நிலையிலிருந்து இக்கட்டுரை ஆராய்கிறது. ஆங்கில எடுத்துக்காட்டுகள் தமிழ் எழுத்துகளில் தரப்படுகின்றன.

இவ்வாராய்ச்சிக்குத் தூண்டுதலாக அமைந்தது ஒரு சிறு நிகழ்ச்சி. ஒன்பதாம் வகுப்பில் பயிலும் என் அண்ணன் மகளின் பயிற்சிக் குறிப்பேட்டில் 'ஷி ஓப்பன்ட் ___ விண்டோ' என்றொரு வினா இருந்தது. அவள் கோட்டின்மீது 'எ' என்று எழுதியிருந்தாள். அது தவறெனக் குறிக்கப்பட்டு, மேலே சிவப்பு மையில் 'த' என எழுதப்பட்டிருந்தது. "அந்த அறையில ஒரே ஒரு ஜன்னல்தான் இருந்ததுன்னு எங்கே எழுதியிருக்கு, அத்தை?" என்று அவள் கேட்டாள். அவள் கேட்டது மொழியியலார் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு அப்பயிற்சியில் விடை இல்லை.

2. பயிற்சியின் மரபு

பி. சி. ரென், எச். மார்ட்டின் ஆகியோரின் உயர்நிலைப் பள்ளி ஆங்கில இலக்கண நூல் 1930களில் வெளிவந்தது. பின்னர் என். டி. வி. பிரசாத ராவின் திருத்தங்களுடன் பல பதிப்புகளைக் கண்டு இன்றும் விற்பனையில் உள்ளது. விதி, எடுத்துக்காட்டு, அதன்பின் தனித்தனி வாக்கியங்களாலான பயிற்சி என்பது அந்நூலின் அமைப்பு. இந்தியாவில் பின்னர் வந்த இலக்கண நூல்களுள் பெரும்பாலானவை இவ்வமைப்பையே பின்பற்றின.

சூழலற்ற தனி வாக்கியங்களுக்கு எதிரான குரல் இந்நூலினும் மூத்தது. ஹென்றி ஸ்வீட் 1899இல் வெளியிட்ட மொழிக்கல்வி நூலிலும், ஆட்டோ யெஸ்பர்சன் 1904இல் ஆங்கிலத்தில் வெளிவந்த தம் நூலிலும், யாரும் யாரிடமும் சொல்ல வாய்ப்பில்லாத வாக்கியங்களைக் கொண்டு மொழி கற்பிக்கும் வழக்கத்தைக் கடிந்துள்ளனர். 1950களில் சென்னை மாநிலத்தில் அமைப்பு வழிப் பாடத்திட்டம் புகுந்தது. 1958இல் ஐதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனம் தொடங்கப்பட்டது. வாக்கிய அமைப்புகளை எளிமையிலிருந்து கடுமைக்கு வரிசைப்படுத்துவதிலும் வகுப்பறைச் சூழ்நிலைகளோடு பொருத்திக் கற்பிப்பதிலும் அக்காலத்தில் பெரும் உழைப்பு செலவிடப்பட்டது. எனினும் தேர்வுத்தாளை எட்டியபோது சூழ்நிலை உதிர்ந்து, வாக்கியம் மட்டுமே எஞ்சியது.

1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு நடத்திய பெங்களூர்த் திட்டம் இதற்கு நேர்மாறான வழியைத் தேர்ந்தது. இலக்கணப் பயிற்சியை அறவே விலக்கி, கால அட்டவணை, வரைபடம், கணக்கீடு போன்ற பணிகளை ஆங்கிலத்தில் செய்யவைப்பது அதன் முறை. பொருளில் கவனம் குவியும்போது வடிவம் தானே படியும் என்பது அதன் அடிப்படை. பெங்களூரிலும் தமிழ்நாட்டுப் பள்ளிகள் சிலவற்றிலும் இது செயற்படுத்தப்பட்டது. இந்தியாவிற்கு வெளியே மொழிக்கல்விச் சிந்தனையில் இத்திட்டம் பெற்ற இடம் பெரிது. நம் பயிற்சி நூல்களில் அதன் சுவடு மிகக் குறைவு. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு மாணவரின் பன்மொழி அறிவை வகுப்பறையின் வளமாகக் கருத வேண்டும் என்றது. அக்கருத்தும் பயிற்சிப் பகுதியின் வாயிலில் நின்றுவிட்டது என்றே கூறவேண்டும்.

3. ஆர்ட்டிகிள் பயிற்சி: தேர்வுக்கு இடமுண்டு, காரணத்திற்கு இடமில்லை

'எ', 'த' ஆகியவற்றுள் எதனைத் தேர்வது என்பது, பேசுவோன் குறிப்பிடும் பொருளைக் கேட்போன் இனங்காண முடியுமா என்பதைப் பொறுத்தது. முன் வாக்கியம், இருவரும் அறிந்த சூழல், பொது அறிவு ஆகியவற்றால் இது முடிவாகிறது. ஒற்றை வாக்கியத்தில் இவற்றுள் முதல் இரண்டும் இல்லை. எனவே சூரியன், கங்கை போன்றவற்றைத் தவிர்த்த பல வினாக்களில் இரு விடைகளும் இலக்கணப்படி சரியானவையே. அவற்றுள் ஒன்றைத் தவறென்று குறிக்கும்போது மாணவனின் இலக்கண அறிவு சோதிக்கப்படுவதில்லை. வினா அமைத்தவர் தம் மனத்தில் எண்ணிய சூழலை மாணவன் ஊகித்தானா என்பதே சோதிக்கப்படுகிறது.

தமிழில் ஆர்ட்டிகிள் இல்லை. ஆகவே தமிழ் மாணவனுக்கு இது முற்றிலும் புதிய செய்தி என்பது ஆசிரியர் பயிற்சிகளில் வழக்கமாகக் கூறப்படுவது. முதற்பகுதி உண்மை, இரண்டாம் பகுதி உண்மையன்று. பின்வரும் இணையைக் காண்க:

பெண் பார்க்க வந்தார்கள்.
பெண்ணைப் பார்க்க வந்தார்கள்.

முதல் வாக்கியத்தில் குறிப்பிட்ட பெண் எவளும் சுட்டப்படவில்லை. அது திருமணத்தை ஒட்டிய ஒரு வழக்கத்தின் பெயர். இரண்டாவதில் பேசுவோனும் கேட்போனும் அறிந்த ஒரு பெண் இருக்கிறாள். இவ்வேறுபாட்டைத் தருவது இரண்டாம் வேற்றுமை உருபாகிய 'ஐ' ஒன்றே. அஃறிணைப் பெயர்களில் இது இன்னும் பரவலாகக் காணப்படுகிறது. 'புத்தகம் வாங்கினேன்' என்பதும் 'புத்தகத்தை வாங்கினேன்' என்பதும் ஒன்றல்ல. பின்னதைக் கேட்பவர் 'எந்தப் புத்தகம்?' என்று கேட்க நேர்ந்தால், தமக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்றைத் தாம் தவறவிட்டதாகவே எண்ணுவார்.

'ஐ' உருபும் 'த'வும் ஒன்றே என்பது இங்குக் கருத்தன்று. 'ஒரு புத்தகத்தை எடுத்தான்' என்று கூற இயலுமாதலால், இவ்வுருபு கேட்போன் அறிந்தமையைக் காட்டிலும் பேசுவோன் குறிப்பாக ஒன்றை எண்ணுவதையே முதன்மையாகக் காட்டுகிறது. மேலும் உயர்திணைப் பெயர்களில் இது பெரும்பாலும் கட்டாயமாக வருவது. எழுவாய் இடத்திலோ இவ்வகைக் குறி எதுவும் இல்லை. அங்குச் சுட்டும் 'ஒரு' என்பதும் சொல் வரிசையுமே உதவுகின்றன. இவற்றிலிருந்து சோதித்துப் பார்க்கத்தக்க ஒரு கருதுகோள் கிடைக்கிறது: தமிழ் மாணவர்களின் ஆர்ட்டிகிள் பிழைகள் செயப்படுபொருள் இடத்தைவிட எழுவாய் இடத்தில் மிகுதியாக இருத்தல் வேண்டும். பயிற்சி நூல்கள் இவ்விரு இடங்களையும் பிரித்துக் காண்பதே இல்லை.

இவ்வுருபு தொக்கும் விரிந்தும் வரும் என்பதை அதே மாணவன் தமிழ் வகுப்பில் இரண்டாம் வேற்றுமைத்தொகை என்னும் பெயரில் படிக்கிறான். அடுத்த மணியில் ஆங்கில ஆசிரியர் வந்து, உன் மொழியில் இல்லாத ஒன்றை இப்போது கற்கப்போகிறாய் என்கிறார். இரு வகுப்புகளுக்கும் இடையில் உள்ள சுவர் மாணவனின் மூளையில் இல்லை, பாடத்திட்டத்தில் உள்ளது. இது தமிழுக்கு மட்டும் உரியதும் அன்று. கன்னடத்தில் 'புஸ்தக', 'புஸ்தகவன்னு' என்னும் வேறுபாடும், இந்தியில் 'கோ' வருதலும் வாராமையும் இதனோடு ஒப்பிடத்தக்கவை.

4. காலப் பயிற்சி: துப்புச் சொல்லும் பொருளும்

இறந்தகாலத்திற்கும் பிரசண்ட் பெர்ஃபெக்டிற்கும் உள்ள வேறுபாட்டைப் பயிற்றும் வினாக்களில் பெரும்பாலும் ஒரு துப்புச் சொல் இருக்கும். 'யெஸ்டர்டே' கண்டால் இறந்தகாலம். 'ஜஸ்ட்', 'ஆல்ரெடி' கண்டால் பெர்ஃபெக்ட். மாணவன் வாக்கியத்தைப் படிப்பதில்லை, துப்பைத் தேடுகிறான். துப்பில்லாத 'ஐ ___ மை கீ' என்னும் வாக்கியத்தில் 'லாஸ்ட்', 'ஹாவ் லாஸ்ட்' இரண்டும் வரக்கூடும். நிகழ்ச்சியைக் கூறுகிறோமா, அதன் விளைவாக இப்போது வாயிலில் நிற்கும் நிலையைக் கூறுகிறோமா என்பதே இங்கு வேறுபாடு. 'சாவியைத் தொலைத்தேன்', 'சாவியைத் தொலைத்துவிட்டேன்' ஆகியவற்றிற்கு இடையே இதனை ஒத்த ஒரு வேறுபாட்டை உணரும் மாணவனுக்குத் துப்புச் சொல் தேவையில்லை. சூழல் இருந்தால் போதும்.

அதேவேளையில் தமிழறிவு தடையாகும் இடமும் உண்டு. காலையில் ஈரத் தரையைக் கண்ட ஒருவர், 'நேற்று இரவு மழை பெய்திருக்கிறது' என்கிறார். 'இரு' என்னும் துணைவினை இங்கு விளைவு நிலையோடு, தாம் நேரிற் காணாமல் அடையாளத்தைக் கொண்டு உய்த்துணர்ந்தமையையும் காட்டுகிறது. 'நேற்று' என்னும் சொல்லோடு அதற்கு முரண்பாடு இல்லை. ஆங்கில பெர்ஃபெக்டிற்கோ முடிந்துபோன காலத்தைக் குறிக்கும் சொல்லோடு சேர்வதற்குத் தடை உண்டு. எனவே 'இட் ஹாஸ் ரெய்ன்ட் யெஸ்டர்டே' என்று எழுதும் மாணவன் விதியை மறந்தவன் என்பதைவிட, 'பெய்திருக்கிறது' என்பதை முழுமையாக மொழிபெயர்த்தவன் எனலாம். இவ்விடத்தில் அவனுக்கு வேண்டியது மேலும் இருபது கோடிட்ட இடங்கள் அல்ல. தமிழின் 'இரு' இரு பணிகளைச் செய்கிறது. ஆங்கிலத்தில் அவற்றுள் ஒன்றிற்கு மட்டுமே இவ்வடிவம் என்னும் விளக்கமே.

'சின்ஸ்', 'ஃபார்' பயிற்சி இன்னும் தெளிவான சான்று. காலத் தொடக்கத்திற்கு முன்னது, கால அளவிற்குப் பின்னது. இப்பயிற்சி இல்லாத இலக்கண நூலைக் காண்பது அரிது. இந்தியில் 'தோ பஜே ஸே' (இரண்டு மணி முதல்), 'தோ கண்டே ஸே' (இரண்டு மணி நேரமாக) என இரண்டிற்கும் 'ஸே' ஒன்றே. கன்னடத்தின் 'இந்த' உருபும் இரு பணிகளையும் ஆற்றுகிறது. இம்மொழியினருக்கு இப்பயிற்சி பொருளுடையது. தமிழிலோ 'இரண்டு மணி முதல்', 'இரண்டு மணி நேரமாக' என இரு வடிவங்கள் தெளிவாகப் பிரிந்துள்ளன. தமிழ் மாணவன் முன்பே அறிந்த வேறுபாட்டிற்குப் பெயர் மட்டுமே மாறவேண்டும்.

அவனுக்கு உண்மையான இடர் வேறிடத்தில் உள்ளது. 'மூன்று ஆண்டுகளாக இங்கே வேலை செய்கிறேன்' எனத் தமிழ் நிகழ்காலத்தைப் பயன்படுத்துகிறது. ஆங்கிலம் பெர்ஃபெக்ட் வடிவை வேண்டுகிறது. பிழை வினைமுற்றில் பிறக்கிறது. பயிற்சியோ வினைமுற்றை அச்சிட்டுக் கொடுத்துவிட்டு, இடைச்சொல்லுக்குக் கோடு போடுகிறது. மாணவன் முழு மதிப்பெண் பெறுகிறான். பின்னர் ஒரு விண்ணப்பம் எழுதும்போது 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்' என எழுதுகிறான். 'ஃபார்' சரியாகவே உள்ளது. இந்தியா முழுமைக்கும் ஒரே பயிற்சி நூல் என்பதன் விலை இது. ஒருவரின் நோய்க்கான மருந்தை மற்றவருக்கும் கொடுத்து, இருவரும் குணமடைந்ததாகப் பதிவு செய்கிறோம்.

தாய்மொழித் தாக்கம் எல்லாப் பிழைகளையும் விளக்கிவிடும் என்பது இதன் பொருளன்று. 1957இல் ராபர்ட் லாடோ முன்வைத்த ஒப்பீட்டு ஆய்வின் எல்லைகளை 1967இல் பிட் கார்டரும் 1972இல் லாரி செலிங்கரும் எழுதிய கட்டுரைகள் உணர்த்தின. தமிழர் 'சின்ஸ் த்ரீ இயர்ஸ்' என எழுதுவதையும் காண்கிறோம். அதற்குத் தமிழ் காரணமாக முடியாது. சுற்றிலும் கேட்கும் ஆங்கிலமோ, இரு சொற்களையும் ஒருசேரக் கற்பித்துக் குழப்பிய பயிற்சியோ காரணமாகலாம். பிழையின் மூலத்தைத் தேடாமல் பிழையை எண்ணுவதில் பயனில்லை என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது.

5. வினை மாற்றம்: மொழிபெயர்ப்பாளரின் முதற்பள்ளி

செய்வினை வாக்கியத்தைச் செயப்பாட்டுவினையாக மாற்றும் பயிற்சி, இரண்டும் ஒரே பொருளை இரு வடிவங்களில் கூறுகின்றன என்னும் எண்ணத்தின்மேல் அமைந்தது. 'ஐ ஈட் ரைஸ்' என்பது 'ரைஸ் இஸ் ஈட்டன் பை மி' ஆகிறது. மாற்றம் விதிப்படி சரி. இவ்வாறு யார், எப்போது, எதற்காகக் கூறுவர் என்னும் கேள்வி எழுவதில்லை. செயப்பாட்டுவினை பயிலும் இடங்களில் செய்பவர் பெரும்பாலும் குறிப்பிடப்படுவதே இல்லை. பயிற்சியோ 'பை' என்னும் சொல்லோடு செய்பவரையும் எழுதினால்தான் பெரும்பாலும் முழு மதிப்பெண் தருகிறது. அருகி வருவதே இங்கு முதன்மை விதியாகிவிடுகிறது.

ஆங்கிலத்தில் செயப்பாட்டுவினையின் முக்கியப் பணிகளுள் ஒன்று, பேசுபொருளை வாக்கியத்தின் தொடக்கத்தில் நிறுத்துவது. சொல் வரிசை இறுகிய மொழியில் அதற்கு எழுவாயை மாற்ற வேண்டியுள்ளது. வேற்றுமை உருபுகளால் உறவைக் காட்டும் தமிழுக்கு அத்தேவை குறைவு. 'மருத்துவர் நோயாளியைப் பரிசோதித்தார்' என்பதை 'நோயாளியை மருத்துவர் பரிசோதித்தார்' என மாற்றினாலே நோயாளி முன்னிற்கிறார். செய்பவரை மறைக்கவும் தமிழுக்கு வேறு வழிகள் உள்ளன. 'கதவைத் திறந்தான்', 'கதவு திறந்தது' என்னும் பிறவினை, தன்வினை இணை ஒன்று. 'கடையை மூடிவிட்டார்கள்' எனச் சுட்டற்ற பன்மையில் கூறுவது மற்றொன்று.

பள்ளிப் பயிற்சி இவை எதனையும் காட்டாமல், ஆங்கிலச் செயப்பாட்டுவினைக்குத் தமிழில் 'ஆல் – படு' வாய்பாட்டை மட்டும் இணையாகத் தருகிறது. மொழிபெயர்ப்பாளர்களுக்கு இதன் விளைவு தெரிந்ததே. 'நோயாளி மருத்துவரால் பரிசோதிக்கப்பட்டார்', 'கடை உரிமையாளரால் மூடப்பட்டது' என வரும் வாக்கியங்களை நாள்தோறும் திருத்துகிறோம், திருத்தாமலும் விடுகிறோம். படு, உண் ஆகிய துணைவினைகளைக் கொண்ட செயப்பாட்டுவினை தமிழுக்குப் புதிதன்று. பழைய இலக்கியங்களிலும் உண்டு. ஆனால் அது எங்கு, எவ்வளவு வரவேண்டும் என்பதே கேள்வி. ஆய்வுரைநடையிலும், ஏன், இக்கட்டுரையிலும்கூட, அது தேவைக்கு மேல் வருவதை வாசகர் கவனித்திருப்பர். ஆங்கில இலக்கணப் பயிற்சியே பலருக்கு முதல் மொழிபெயர்ப்புப் பயிற்சியாகவும் அமைகிறது. பதின்மூன்று வயதில் பழகிய வாய்பாடு நாற்பது வயதில் பேனாவை விட்டு எளிதில் அகல்வதில்லை.

6. சொற்பயிற்சி: ஒன்றுக்கு ஒன்று

சொல்லையும் பொருளையும் இரு பத்திகளில் எழுதி மனனம் செய்வதும், எதிர்ச்சொல், ஒருபொருட்சொல் எழுதுவதும் சொற்பயிற்சியின் பெரும்பகுதி. வங்காளத்தில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியல் ஏறத்தாழ 2000 தலைச்சொற்களைக் கொண்டது. அதன் சிறப்பு, ஒவ்வொரு சொல்லுக்கும் உள்ள பல பொருள்களுள் எது எவ்வளவு வழங்குகிறது என்பதையும் காட்டியது. நம் பயிற்சி நூல்கள் சொல்லைப் பட்டியலில் வைத்துக்கொண்டன. பொருட் பிரிவை விட்டுவிட்டன.

'ஓல்ட்' என்பதற்கு எதிர்ச்சொல் தருக என்னும் வினாவைக் காண்போம். 'நியூ' என்பதா, 'யங்' என்பதா? 'பழைய', 'முதிய' என இரு சொற்களைத் தமிழ் பிரித்து வைத்துள்ளது. 'பழைய நண்பர்' இளைஞராக இருக்கலாம். 'முதிய நண்பர்' நேற்று அறிமுகமானவராக இருக்கலாம். இவ்வேறுபாட்டை உடைய மாணவனிடம் ஒரே விடையைக் கேட்பது அவன் அறிவைக் குறைத்துக்கொள்ளச் சொல்வதாகும். 'பிரேக்' என்னும் வினைக்கு 'உடை' என்று பொருள் எழுதவைக்கிறோம். கண்ணாடி உடைகிறது, கிளை முறிகிறது, கயிறு அறுகிறது. ஆங்கிலம் மூன்றிற்கும் 'பிரேக்' என்பதையே ஆளக்கூடும். மறுதலையாக, தமிழின் 'அடி' மணி, வெயில், வண்ணம், காய்ச்சல் ஆகிய அனைத்தோடும் சேர்கிறது. ஆங்கிலத்தில் ஒவ்வொன்றிற்கும் வேறு வினை வேண்டும். சொல் தனியே பொருள் தருவதைவிட, தான் சேரும் சொல்லோடு சேர்ந்தே பொருள் தருகிறது என்பதை அகராதி தொகுப்போர் அறிவர். அப்பாடம் பள்ளியை எட்டவில்லை.

7. பயிற்சியின் பக்கம் உள்ள நியாயம்

இதுவரை கூறியவற்றால் பயிற்சிகள் முற்றிலும் பயனற்றவை என்று முடிவு செய்தல் கூடாது. ஐம்பது, அறுபது மாணவர் அமர்ந்த வகுப்பில், நாளொன்றுக்குப் பல வகுப்புகளை எடுக்கும் ஆசிரியர் திருத்தக்கூடியது ஒற்றை விடை உடைய வினாவே. ஆங்கிலத்தில் தமக்கே முழு நம்பிக்கை இல்லாத ஆசிரியருக்கு விடைக் குறிப்பு ஒரு பாதுகாப்பு. பொதுத்தேர்வில் திருத்துவோரின் விருப்பு வெறுப்பு புகாமல் தடுப்பதும் இதுவே. நகர்ப்புறத்து ஆங்கிலச் சூழல் வாய்க்காத முதல் தலைமுறை மாணவன் விதியை மனனம் செய்தேனும் தேறுவதற்கு வழி தந்தது இப்பயிற்சிதான். அதனை இழித்துரைக்கும் உரிமை, அவ்வழியில் ஏறி வந்த என்போன்றோருக்கு இல்லை.

பெங்களூர்த் திட்டத்தை மதிப்பிட்ட பெரெட்டா, டேவிஸ் ஆகியோரின் 1985ஆம் ஆண்டுக் கட்டுரையும் இங்கு நினைக்கத்தக்கது. திட்ட வகுப்பினர் பணி சார்ந்த தேர்விலும், வழக்கமான வகுப்பினர் அமைப்புத் தேர்விலும் மேலோங்கும் போக்கினை அது காட்டியது. எதைப் பயிற்றுகிறோமோ அதுவே கைவருகிறது என்பதே இதன் பொருள். பயிற்சி பயனளிக்கிறது, எனவேதான் எதைப் பயிற்றுகிறோம் என்பது முக்கியமாகிறது.

8. சில மாற்றுகள்

பாடத்திட்டத்தையோ தேர்வு முறையையோ முழுவதும் மாற்றாமல், இப்பயிற்சி வடிவத்திற்குள்ளேயே செய்யத்தக்க மாற்றங்கள் சில உள.

அ) ஒற்றை வாக்கியத்திற்கு முன் இன்னொரு வாக்கியம் சேர்த்தல். 'அறையில் ஒரே ஒரு சன்னல்தான் இருந்தது' என்பதை ஆங்கிலத்தில் முன்வைத்தால், 'த' என்பதற்குக் காரணம் கிடைத்துவிடும். 'நான்கு சன்னல்கள் இருந்தன' என்றால் 'எ' என்பதற்கு வழி பிறக்கும். ஒரே கோட்டிற்கு இரு சூழல்களைத் தருவதே சிறந்த பயிற்சியாகும்.

ஆ) இரு விடைகளும் பொருந்தும் வினாக்களை ஒளிக்காமல் அமைத்து, எந்த விடை எந்தச் சூழலுக்கு உரியது எனக் கேட்டல். விளக்கத்தைத் தமிழில் எழுத இசைவளிக்கலாம். சோதிக்கப்படுவது விளக்கத்தின் மொழியன்று, வேறுபாட்டை உணர்ந்தமையே.

இ) ஆங்கில இணைக்கு முன் தமிழ் இணை ஒன்றைத் தருதல். 'புத்தகம் கொண்டு வா', 'புத்தகத்தைக் கொண்டு வா' ஆகியவற்றின் வேறுபாட்டைக் கூறச்செய்து, பின்னர் ஆங்கிலத்திற்குச் செல்லலாம். ஒத்த இடமும் ஒவ்வாத இடமும் இரண்டுமே காட்டப்படல் வேண்டும்.

ஈ) கோட்டினை இடர் உள்ள இடத்தில் போடுதல். தமிழ் மாணவனுக்கு 'சின்ஸ்', 'ஃபார்' அச்சில் இருக்கட்டும். வினைமுற்றை அவன் எழுதட்டும். இந்தி மாணவனுக்கு இரண்டையும் விடலாம். இதற்கு மாநில அளவில் பயிற்சி நூல் ஆக்குவோரும் அந்தந்த மொழியின் இலக்கண அறிஞரும் ஒன்றாக அமர வேண்டும்.

உ) வினை மாற்றத்தில், முந்தைய வாக்கியத்தைத் தந்து, தொடரும் இரு வடிவங்களுள் எது இயல்பாகப் பொருந்தும் எனக் கேட்டல். அதனைத் தமிழில் கூறும்போது 'படு' தேவையா என்பதையும் கேட்டால், ஒரே பயிற்சி இரு மொழிகளுக்கும் உதவும்.

ஊ) சொற்பயிற்சியைத் தனிச்சொல்லாக அன்றிச் சொற்சேர்க்கையாகத் தருதல். 'ஓல்ட் ஃப்ரெண்ட்', 'ஓல்ட் மேன்', 'ஓல்ட் ஹவுஸ்' என்னும் மூன்றிற்கும் எதிர்த்தொடர் கேட்டால், மாணவன் சொல்லை மட்டுமன்றிப் பொருளையும் எண்ண வேண்டியவனாவான்.

இவற்றுள் முதல், நான்காம், ஆறாம் மாற்றங்களைத் திருத்துவதற்கு ஆசிரியருக்குக் கூடுதல் நேரம் மிகுதியாக வேண்டியதில்லை. சுமை வினா அமைப்போர் மீதே ஏறும். அது அங்கேயே இருக்க வேண்டியது.

9. முடிவுரை

கோடிட்ட இடம் தன்னளவில் குற்றமுடையதன்று. கோட்டின் இருபுறமும் உள்ள சொற்கள் தேர்வுக்கு வேண்டிய காரணத்தைத் தாராதபோதுதான் அது குற்றமாகிறது. அப்போது மாணவன் கற்றுக்கொள்வது, மொழியில் காரணம் என ஒன்று இல்லை, விடைக் குறிப்பு மட்டுமே உண்டு என்பதை. காரணம் கேட்கும் மாணவனுக்கு மதிப்பெண் குறைகிறது. தன் மொழியில் நுட்பமான வேறுபாடுகளைப் பிழையின்றி ஆளும் குழந்தை, தனக்கு 'கிராமர் வராது' என்று தன்னைப் பற்றியே நம்பத் தொடங்குகிறது. பிறகு கல்லூரியிலும் வேலைக்கான நேர்காணலிலும் அந்நம்பிக்கை அதனோடு செல்கிறது. இலக்கணம் பற்றி எழுதுவோரும் மொழிபெயர்ப்போரும் இதனை ஆசிரியர்களின் சிக்கல் என ஒதுக்கிவிடுதல் இயலாது. 'ஐ' உருபும் 'இரு' துணைவினையும் செய்யும் பணிகளை அறிந்தவர் நாம். அவ்வறிவை ஆய்விதழ்களில் மட்டும் சேமித்து வைத்திருக்கிறோம்.

அண்ணன் மகளின் குறிப்பேட்டிற்கு வருவோம். அவளுடைய ஆசிரியரைக் குறை கூற எனக்கு மனமில்லை; அவர் கையில் இருந்த விடைக் குறிப்பில் 'த' என்று இருந்தது. அவள் எழுதிய 'எ' பிழையன்று என்று கூறினேன். அப்படியானால் 'த' தவறா என்றாள். அதுவும் தவறன்று என்றேன். "அப்ப கேள்விதான் தப்பு" என்றாள். அரை மதிப்பெண் திரும்ப வரவில்லை. அந்த வினா அடுத்த பதிப்பிலாவது இரண்டு வாக்கியங்களாக வரட்டும்.